கேமரா, காம்பவுண்டு சுவர், முருங்கை மரம்: பக்கத்து வீட்டில் எப்படிப் பேசுவது?

கேள்வி: பாளையங்கோட்டைக்கு வெளியே 5 சென்ட் மனையில் 2001இல் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். காம்பவுண்டு சுவர் 2003இல் எடுத்தோம். கிழக்கே இருந்த மனை ரொம்ப காலம் காலியாகக் கிடந்தது. 2022இல் ஒரு குடும்பம் வாங்கி மாடி வீடு கட்டினார்கள். நல்ல மனிதர்கள்தான். கட்டிட வேலைக்கு எங்கள் போரில்தான் தண்ணீர் எடுத்தார்கள். அவர்கள் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை எங்கள் வீட்டில்தான் இருப்பான். ஆனால் அவர்கள் மாடிப்படி ஜன்னலில் நின்றால் எங்கள் புறவாசல் முழுக்கத் தெரிகிறது. துவைக்கிற கல்லும் குளியலறைக் கதவும் அங்கேதான் இருக்கின்றன. இப்போது சிசிடிவி கேமராவும் மாட்டியிருக்கிறார்கள், அதில் ஒன்று எங்கள் பக்கம் பார்த்து நிற்கிறது. கல்லூரியில் படிக்கிற மகள் புறவாசலுக்குப் போகவே தயங்குகிறாள். ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு, எங்கள் முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி அவர்கள் வீட்டுக்கு வருகிறது என்றும், காம்பவுண்டு சுவர் அரை அடி அவர்கள் மனைக்குள் இருப்பதாகக் கொத்தனார் சொன்னார் என்றும் பதில் வந்தது. அவர்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டரும் செப்டிக் டேங்க் வண்டியின் குழாயும் எங்கள் பக்கச் சந்து வழியாகத்தான் போகின்றன. நாளைக்கு அதையும் பாத்தியம் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் விடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அம்மா, நோட்டீஸ் இப்போது வேண்டாம். உங்கள் கணவரின் கோபம் புரிகிறது, வயதுக்கு வந்த மகள் இருக்கிற வீட்டில் அது வரத்தான் செய்யும். ஆனால் நோட்டீஸ் போனால் அடுத்து என்ன நடக்கும் என்று சிவில் வழக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியும். அவர்களும் ஒரு வக்கீலிடம் போவார்கள். அவர் பதில் நோட்டீஸில் எல்லாவற்றையும் மறுப்பார், ஏனென்றால் ஒன்றை மறுக்காமல் விட்டால் பின்னால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பது எங்கள் தொழில் பழக்கம். வீடு கட்ட உங்கள் போரில் தண்ணீர் எடுத்தார்களே, அதைக்கூட ‘பொய், கற்பனை’ என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியை வாசித்த பிறகு அந்தப் பையன் உங்கள் வீட்டுப் படியேறி வருவது கஷ்டம். நோட்டீஸுக்கு ஒரு நேரம் உண்டு. அவர்கள் சுவரில் கை வைத்தால், அளந்த கல்லைப் பிடுங்கினால், அன்றைக்கே விடலாம். இன்றைக்கு அந்த நிலைமை இல்லை.

நீங்கள் ஜாடையாகச் சொன்னதுதான் விஷயத்தைச் சிக்கலாக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஜாடையாகச் சொல்லும்போது எதிராளிக்குக் குறை சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் காதில் விழும், என்ன வேண்டும் என்று தெரியாது. அதனால்தான் நீங்கள் கேமரா என்றதும் அவர்கள் சுவர் என்கிறார்கள், பூச்சி என்கிறார்கள். கேமரா, ஜன்னல், மரம், சுவர், சந்து என்று ஐந்து தனித்தனி விஷயங்கள் இதில் இருக்கின்றன. சிலவற்றில் சட்டம் உங்கள் பக்கம், சிலவற்றில் அவர்கள் பக்கம், ஒன்றில் யார் பக்கமும் பெரிதாக இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், நேராகக் கேளுங்கள்.

முருங்கையிலிருந்து தொடங்குங்கள். அதில் நியாயம் அவர்கள் பக்கம். மரம் உங்களுடையதுதான், ஆனால் சுவரைத் தாண்டிய கிளை அவர்கள் இடத்தில் நிற்கிறது. தங்கள் மனையில் நின்றபடியே எல்லை வரைக்கும் அந்தக் கிளையை அவர்கள் வெட்டிக்கொள்ளலாம். உங்கள் மனைக்குள் வந்து வெட்டக் கூடாது, மரமே பட்டுப்போகிற மாதிரி எதையாவது ஊற்றக் கூடாது, வெட்டிய கிளையும் அதிலிருக்கிற காயும் உங்களுக்குச் சேர வேண்டியவை, அவ்வளவுதான். இதையெல்லாம் செய்யாமல் உங்களிடம் வாயால் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அதுவே மரியாதைதான். இன்னொன்று, முருங்கை லேசில் ஒடிகிற மரம். கிளை ஆபத்தாக இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகும் நீங்கள் சும்மா இருந்து, ஐப்பசி மழைக்காற்றில் அது அவர்கள் வண்டி மேலே விழுந்தால் நஷ்டஈடு கேட்க அவர்களுக்கு இடமுண்டு. மழைக்காலத்தில் அடிமரத்தில் அப்பிக்கொண்டு கிடக்குமே கம்பளிப்பூச்சி, அது கொடியில் காய்கிற பள்ளிச் சீருடையில் ஏறி, அந்தத் துணியைப் பிள்ளை போட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். உங்கள் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு அது வர வேண்டாமே. இந்த வாரமே ஆள் கூப்பிட்டு நன்றாகக் குறைத்துக் கவாத்துப் பண்ணுங்கள், முருங்கை வெட்ட வெட்டத் துளிர்க்கும். பதிலுக்கு ‘நீங்கள் கேமராவைத் திருப்புங்கள்’ என்று அன்றைக்கே கேட்காதீர்கள். இது பேரம் இல்லை, நாம் செய்ய வேண்டியதைச் செய்வது.

அடுத்து கேமரா. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தெருவைப் பார்த்தோ, தன் வாசலைப் பார்த்தோ, தன் மாடிப்படியைப் பார்த்தோ ஒருவர் கேமரா வைப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அடுத்தவர் புறவாசலைப் பதிவு செய்ய அவருக்கு உரிமை இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017இல், புட்டசாமி வழக்கில் சொன்னது பலருக்குத் தெரிந்திருக்கும். அது முக்கியமாக அரசுக்கு எதிரான உரிமையைப் பற்றியது. உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. எர்ணாகுளம் பக்கம் சேரானல்லூரில் பக்கத்து வீட்டுக் கேமரா தன் வீட்டைப் பார்க்கிறது என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டு விவகாரங்களை எட்டிப் பார்க்க விட முடியாது என்றும், இதற்கு அரசு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவர வேண்டும் என்றும் நீதிமன்றம் கருதியது. 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் குடியிருக்கும் சகோதரர்களில் ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா இயக்கக் கூடாது என்றது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வேறு மாநிலத் தீர்ப்புகள் நம் ஊர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக் காட்டலாம், மதிப்பும் இருக்கும்.

ஒரு பெண் குளிப்பதையோ உடை மாற்றுவதையோ அவள் சம்மதம் இல்லாமல் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77ஆம் பிரிவில் குற்றம், முதல் முறையே ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை சிறை. அப்படி ஏதாவது நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் அண்டை வீட்டு உறவு, பேச்சுவார்த்தை என்று ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், நேராக மகளிர் காவல் நிலையம். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. கேமரா மாட்ட வந்த பையன் ‘இந்த மூலையில் வைத்தால் நிறைய கவர் ஆகும்’ என்று ஏணியைப் போட்டு மாட்டிவிட்டுப் போயிருப்பான், வீட்டுக்காரர் அது எங்கெல்லாம் பார்க்கிறது என்று ஒழுங்காகக் கவனித்திருக்கக்கூட மாட்டார். பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

அதனால் அந்த வீட்டுப் பெண்ணிடம் நீங்கள் பேசுங்கள். சாயங்காலம் பையனைக் கூப்பிட வருவாளே, அப்போது. ஆண்கள் இருவர் கேட்டருகே நின்று பேசினால் குரல் உயர்ந்துவிடும், தெருவும் கூடிவிடும். இப்படிக் கேளுங்கள்: “இங்க பாரும்மா, கேமரா போட்டது நல்லதுதான், ராத்திரி எங்களுக்கும் தைரியமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு எங்க புறவாசலப் பாத்து இருக்க மாதிரித் தெரியுது. பொம்பளப்பிள்ள குளிச்சிட்டு வார இடம்லா, அவ அங்கன போகவே கூசுதா. உன் போன்ல கொஞ்சம் காட்டேன், ரெண்டு பேருமாப் பாப்போம்.” போனில் காட்டச் சொல்வதுதான் முக்கியம். திரையில் உங்கள் துவைக்கிற கல்லும், கொடியில் தொங்குகிற துணியும், குளியலறைக் கதவும் அப்படியே தெரிந்தால் நீங்கள் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது, எந்தப் பெண்ணுக்கும் அது புரியும். ஒருவேளை கேமரா அவர்கள் சந்தை மட்டுமே பார்க்கிறது என்று தெரிந்தால் உங்கள் மகளுக்கும் நிம்மதி.

தீர்வும் சின்னதுதான். கேமராவை உங்கள் சுவரைத் தாண்டாதபடி கீழ்நோக்கித் திருப்பலாம். திருப்பினால் அவர்கள் பின்கதவு தெரியாமல் போகும் என்றால், திரையில் ஒரு பகுதியை மட்டும் கறுப்பாக மறைத்துவிடும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது, ‘பிரைவசி மாஸ்க்’ என்று அமைப்புகளில் இருக்கும். மாட்டிய பையனையே கூப்பிட்டால் சீக்கிரத்தில் செய்துவிடுவான். செய்த பிறகு மறுபடி போனில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம். குரல் பதிவாகும் கேமரா என்றால் அதையும் அணைக்கச் சொல்லுங்கள். சுவரோரம் நின்று நீங்கள் பேசுகிற வீட்டுப் பேச்சு அவர்கள் போனில் இருக்கத் தேவையில்லை. தெரு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தயவுசெய்து இதைப் போட்டுவிடாதீர்கள். நாலு பேர் பார்க்கக் குற்றம் சாட்டப்பட்டவர் கேமராவைத் திருப்ப மாட்டார்.

சுவர் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. முதலில், கொத்தனார் சொன்னது அளவே அல்ல. அவர் டேப்பை எங்கே வைத்துத் தொடங்கினார்? பெரும்பாலும் ரோட்டோரத்திலிருந்தோ, அவர்களுடைய கிழக்குச் சுவரிலிருந்தோ. அந்தச் சுவரே அரை அடி தள்ளி இருந்தால்? நம் ஊர் மனைகளில் ஒரு வரிசையில் ஒருவர் தப்பாகக் கட்டினால் அடுத்தடுத்து எல்லாரும் அதைப் பார்த்துக் கட்டியிருப்பார்கள். பத்திரத்தில் அளவு அடியில் இருக்கும், வருவாய்த்துறை வரைபடத்தில் மீட்டரில் இருக்கும், இரண்டையும் ஒப்பிடும்போதே சில அங்குலம் முன்னே பின்னே போகும்.

உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துச் செக்குபந்தியையும், அதாவது நான்கு பக்கமும் என்ன எல்லை என்று எழுதியிருப்பதையும், நான்கு பக்க அளவையும் பாருங்கள். சுவரைப் பற்றி ‘பொதுச்சுவர்’ என்று எங்கேயாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டா, புல வரைபடம் இரண்டையும் இணையத்திலேயே எடுக்கலாம். மாநகராட்சிக்குள் டவுன் சர்வே முடிந்த பகுதி என்றால் அதற்கான நகரளவைப் பதிவேட்டின் நகல். இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். லே-அவுட் போட்டு விற்ற மனைகள் பலவற்றில் உட்பிரிவு ஆகாமல், அதாவது மனைக்கு மனை தனி எண்ணாகப் பிரிக்கப்படாமல், பட்டா கூட்டாகவே கிடக்கும். அப்படி இருந்தால் புல வரைபடத்தில் உங்கள் மனையின் கோடே இருக்காது, சர்வேயர் வந்தாலும் எதை வைத்து எல்லை காட்டுவார்? முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிட்டுத்தான் அளக்கக் கேட்க வேண்டும். இந்தச் சண்டை இல்லாவிட்டாலும் நீங்கள் செய்தே ஆக வேண்டிய வேலை இது.

தனிப்பட்டா இருக்கிறது என்றால் அத்துக்காட்ட, அதாவது எல்லையை அளந்து காட்டச் சொல்லி மனு கொடுங்கள். தாலுகா அலுவலகத்தில் எஃப்-லைன் மனு என்பார்கள், இப்போது தமிழ்நிலம் இணையதளத்திலும் இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். பக்கத்து மனைக்காரர்களுக்குத் தகவல் கொடுத்துவிட்டுத்தான் சர்வேயர் அளப்பார். நீங்கள் தனியாக மனு போடுவதைவிட, அவர்களிடம் “உங்களுக்கும் சந்தேகம், எங்களுக்கும் சந்தேகம், சேர்ந்தே அளந்துருவோம், செலவு பாதிப் பாதி” என்று சொல்லிவிட்டுப் போடுவது நல்லது. அளக்கும் அன்றைக்கு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடவே நின்று பார்க்க வேண்டும். அளந்து கல் நட்ட பிறகு அந்தக் கல்லை யாரும் அசைக்கக் கூடாது, அது குற்றம்.

அளந்ததும் சுவர் சரியாக இருந்தால் பேச்சு முடிந்தது. அரை அடி அவர்கள் பக்கம் போயிருக்கிறது என்றே வந்தாலும் பதற வேண்டாம். 60 அடி நீளச் சுவருக்கு அரை அடி என்றால் 30 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக அது ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் வக்கீல் வேண்டுமானால் சொல்வார், 2003 முதல் சுவர் நிற்கிறது, 12 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, எதிரிடை அனுபவம், அதாவது நீண்டகாலம் அனுபவித்ததாலேயே அந்த இடம் நம்முடையது என்று வாதாடலாம் என்று. வாதாடலாம்தான். ஆனால் தெரியாமல் தள்ளிக் கட்டிய சுவரை வைத்து அதை நிரூபிப்பது சுலபமில்லை, முன்சீப் கோர்ட்டில் தொடங்கி அப்பீல், இரண்டாவது அப்பீல் என்று உங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் பேத்தி வந்த பிறகும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கும். அந்த 30 சதுர அடிக்கு அது தகுமா? அவர்கள் நிலம்தான் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். சுவரை இன்றைக்கே இடிக்க யாருக்கும் அவசியம் இல்லை. இப்போதைய சுவர் இருக்கிறபடி இருக்கட்டும், எப்போது இடித்துக் கட்டினாலும் அளந்த கோட்டில்தான் கட்ட வேண்டும் என்று இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சர்வே வரைபட நகலையும் சேர்த்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். இல்லை, அந்தத் துண்டை விலைக்கே வாங்கிக்கொள்கிறோம் என்றால் கிரயம் பதிவு செய்தே ஆக வேண்டும், வெள்ளைத்தாளில் எழுதி நிலம் கை மாறாது. அளந்ததில் சுவர் உங்கள் மனைக்குள் தள்ளி இருக்கிறது என்று வந்தாலும் இதே மாதிரி எழுதி வையுங்கள். அப்படியும் வருவதுண்டு.

சந்து பற்றிய பயத்துக்குப் பதில் சுருக்கமானது. 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி வழிப்பாத்தியம் வர வேண்டுமென்றால் ஒருவர் 20 ஆண்டு இடைவிடாமல், தன் உரிமை என்று சொல்லிப் போய்வந்திருக்க வேண்டும். உங்களிடம் கேட்டு, நீங்கள் சரி என்று சொல்லிப் போவது அனுமதி. அனுமதி எத்தனை வருஷம் ஆனாலும் பாத்தியம் ஆகாது, நீங்கள் விரும்பும்போது நிறுத்தலாம். அவர்கள் வந்ததே 2022க்குப் பிறகுதான். அதனால் இன்றைக்குப் பயந்து சந்தை அடைக்க வேண்டாம். சந்துக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்கட்டும், வருமுன் சொல்லிவிட்டு வரட்டும். சுவர் பற்றி எழுதும் அதே தாளில் ‘சிலிண்டருக்கும் செப்டிக் டேங்க் சுத்தம் செய்யவும் இன்னாரின் அனுமதியின்பேரில் சந்தைப் பயன்படுத்துகிறோம்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டை விற்றால் வாங்குகிறவர் புது ஆள் அல்லவா, அந்த வரி அப்போது உதவும். இப்படி எழுதி வைத்துக்கொண்டால் நீங்களும் தயங்காமல் கதவைத் திறந்துவிடலாம்.

கடைசியாக ஜன்னல், இதில் சட்டத்தை நம்பிப் போகாதீர்கள். அண்டை வீட்டின் மறைவிடம் தெரியும்படி புது ஜன்னல் வைக்கக் கூடாது என்ற ஊர் வழக்கம் இருந்தால் அதை உரிமையாகக் கேட்கலாம் என்று அதே 1882 சட்டத்தின் 18ஆம் பிரிவு உதாரணத்தோடு சொல்கிறது. குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் அப்படிப்பட்ட வழக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. நம் மதராஸ் உயர் நீதிமன்றம் 1860களிலேயே வேறு மாதிரிச் சொல்லிவிட்டது: பக்கத்து வீட்டுக்காரர் தன் சுவரில் ஜன்னல் திறப்பது வழக்குப் போடும்படியான தவறு இல்லை, பார்வை பட வேண்டாம் என்றால் உன் இடத்தில் நீ மறைப்புக் கட்டிக்கொள் என்று. ஜன்னல் எல்லையை ஒட்டி இருந்தால், கட்டிட அனுமதி வரைபடத்தில் பக்க இடைவெளி எவ்வளவு விடச் சொல்லியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் உங்களுக்கு வேண்டியது மறைவுதானே, அவர்கள் கட்டிடத்தில் குறை கண்டுபிடிப்பது இல்லையே.

ஆக, மறைப்பு நீங்கள் செய்வது. சட்டப்படி உங்களுக்குத் தடை இல்லை, அவர்கள் ஜன்னலுக்கு 20 ஆண்டு ஆகாததால் காற்று வெளிச்சப் பாத்தியம் என்று கேட்க முடியாது. அதற்காக அவர்கள் வீட்டையே இருட்டாக்கும்படி கட்ட வேண்டாம். பழைய காம்பவுண்டு சுவர் மேலேயே நாலு வரிசை ஹாலோபிளாக் வைத்து உயர்த்துவதும் வேண்டாம். 2003இல் போட்ட அஸ்திவாரம் அந்த உயரத்துக்குப் போட்டதில்லை, நடுவில் தூண் இல்லாத சுவர் நல்ல மழையில் சாயும், சாய்ந்தால் பிள்ளைகள் நடமாடும் இடம். குளியலறைக் கதவிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் மட்டும், உங்கள் பக்கமே நாலு இரும்புக் குழாய் நட்டு, மேலே சரிவாக ஒரு தகரமோ ஷீட்டோ போடுங்கள். மேலிருந்து பார்க்கிற பார்வைக்கு உயரமான சுவரைவிடக் கூரைதான் சரியான மறைப்பு. மழைத் தண்ணீர் உங்கள் பக்கமே விழும்படி சரிவு இருக்க வேண்டும், அடுத்தவர் மனையில் தண்ணீர் விடப் புதிதாக உங்களுக்கு உரிமை கிடையாது. அதோடு அவர்களிடம் ஒன்று கேட்கலாம்: மாடிப்படி ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் மட்டும் பனிபடிந்த மாதிரி இருக்கும் ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. அதை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் பெரிய செலவில்லை.

இவ்வளவும் செய்தும் அவர்கள் கேமராவைத் திருப்ப மறுத்தால், அல்லது அளக்கவே வர மாட்டேன் என்றால், அப்போதும் உடனே கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே உங்களுக்கு இலவச வக்கீலும் உண்டு. தொலைபேசியில் 15100க்குக் கூப்பிட்டும் கேட்கலாம். அங்கே லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆகிக் கையெழுத்தானால் அது கோர்ட் டிக்ரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. அதனால் கையெழுத்துப் போடுமுன் எல்லை அளவும் கேமராத் திசையும் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். அதுவும் ஆகவில்லை என்றால்தான் நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது அவர்களைத் தடுக்கும் கோர்ட் உத்தரவு, கேட்டு வழக்கு. அதற்கு உதவும்படி இப்போதே கேமரா உங்கள் பக்கம் பார்த்து நிற்பதைத் தேதியோடு இரண்டு மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைக்குள் நின்று எடுங்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் படத்தில் விழாமல்.

உங்கள் மகளிடமும் சொல்லுங்கள், கேமராவைத் திருப்பும்வரை துணி உலர்த்துவதை மாடியிலோ முன்வாசலிலோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது சில நாளைக்குத்தான், அவள் வீட்டுப் புறவாசலை அவள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று. கிரயப் பத்திரத்தின் செக்குபந்திப் பக்கத்தையும் பட்டா நகலையும் எனக்கு அனுப்பிவையுங்கள். உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அது தெரிந்த பிறகு அளக்க மனு போடலாம்.